வானம் தெரிகிற கூரை

வகுப்பு முடிந்து விடுதிப் புல்வெளிக்கு வந்தபோது எங்கள் பந்தலின் மேல் யாரோ ஒரு நீலத் தார்ப்பாயைப் போர்த்தி, நான்கு மூலையிலும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கூரையோடு நிற்காமல் தெற்குச் சுவரையும் அது தரைவரை மறைத்திருந்தது. இது எதிரிகளின் வேலை இல்லை என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. எதிரிகள் இவ்வளவு பொறுப்பாக முடிச்சுப் போட மாட்டார்கள். பையைப் புல்லில் எறிந்துவிட்டு முதல் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தேன். அடுத்த முடிச்சுக்குப் போவதற்குள் மாணவர் நலத் துறைத் தலைவி திருமதி அலார்டு குடையும் கையுமாக ஓடிவந்தார்.

"தமார், கொஞ்சம் இரும்மா. நான்தான் கட்டச் சொன்னேன். மழை வரும்னு சொன்னாங்க. அதோட அந்த எழுத்து போற வர்றவங்க கண்ணுலயெல்லாம் படுதே, உனக்குத்தான சங்கடம்னு..."

"எனக்கு ஒரு சங்கடமும் இல்ல மேடம். மேல மூடிட்டா இது பந்தலே கிடையாது. உக்காந்து நிமிந்து பாத்தா வானம் தெரியணும். இல்லன்னா ஏதோ குடோன்ல உக்காந்து சாப்பிட்ட மாதிரிதான்."

அவர் முகம் வாடிப்போனது. நல்ல மனுஷிதான். யூதர்களான எங்கள் சுக்கோத் பண்டிகை என்றால் என்னவென்று தேடிப் படித்துவிட்டு, பண்டிகை வாழ்த்து அட்டை கொடுத்தவர். கூரையில் ஓட்டை இருப்பது எங்கள் வறுமை இல்லை, வழக்கம் என்பது அந்த அட்டையில் எழுதியிருக்காது போல. சுக்கோத்தின் ஏழு நாளும் நாங்கள் வேண்டுமென்றே ஒழுகும்படி வேய்ந்த பந்தலில்தான் சாப்பிட வேண்டும். வாசலில் நிற்பவரை உள்ளே கூப்பிடாமல் சாப்பிடக் கூடாது. பண்டிகை முடிகிறவரை ஒரு பலகையைக்கூட அசைக்கக் கூடாது. மழைத்தண்ணீர் கலந்த சூப்பைக் குடித்தே வளர்ந்தவள் நான். தார்ப்பாயை உருவி மடித்து மூலையில் வைத்தேன். தெற்குச் சுவரின் பிளைவுட்டில் சிவப்பு எழுத்துகள் பழையபடி வெளியே வந்தன: அடுப்புக்குத் திரும்பிப் போங்கள். சுவரின் உள்பக்கத்திலும் அதையே எழுதியிருந்தார்கள்.

எந்த அடுப்பு என்று யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. என் கொள்ளுப்பாட்டியின் தங்கைகள் நாஜி முகாமில் அந்த வழியாகப் போனவர்கள்தான். பண்டிகையின் இரண்டாம் நாள் காலையில் காபியோடு வந்த நான்தான் அதை முதலில் பார்த்தேன். கூரையிலிருந்து நாங்கள் தொங்கவிட்டிருந்த ஆப்பிள்களையும் காகித மாலைகளையும் அறுத்துப்போட்டுவிட்டு, அந்த நூல்களில் எங்களுக்கு விலக்கான பன்றி இறைச்சித் துண்டுகளைக் கட்டியிருந்தார்கள். காற்றில் அவை மெதுவாக ஆடிக்கொண்டிருந்தன. நான் அழவில்லை. கோபம் தலைக்கு ஏறி, காபிக் கோப்பையை எங்கே வைத்தேன் என்பதே மறந்துவிட்டது. இந்தக் கல்லூரியில் யூத மாணவர்கள் என்று நாங்கள் ஏழெட்டுப் பேர்தான். பந்தலைக் கட்டியவள் நான். அதனால் புகார் கொடுத்தவளும் நானே.

விடுதி வாசல் கேமராவில் இரண்டு பேர் தெளிவாகத் தெரிந்தார்கள். பிரெஸ்டன் கோல் ஒருவன். அவன் அப்பாவின் கார் கடைகள் நெடுஞ்சாலை நெடுக இருக்கின்றன. பெயின்ட் வாங்கியதும், இறைச்சியைக் கட்டியதும், சிரித்துக்கொண்டே படம் எடுத்ததும் அவன். எழுதியவன் வெஸ் ஹாட்லி. அதுதான் எனக்கு உறைத்தது. ஏனென்றால் கூரைக்கு வேண்டிய மக்காச்சோளத் தட்டையை வெஸ்ஸின் அம்மா லோரீனிடம்தான் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கியிருந்தேன். கட்டுக்கட்டாக வண்டியில் கொண்டுவந்து இறக்கிப்போட்டவன் அவனேதான். "ஏன் இவ்ளோ இடைவெளி விட்டு வேயறீங்க, ஒழுகாதா?" என்று கேட்டான். "ஒழுகணும்" என்றேன். அவன் சிரித்தான். ஏணியைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டும் நின்றான்.

இப்போது ஒரு சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வருஷம் எங்கள் மாநிலத்தில் கொண்டுவந்தார்கள். வளாகத்தில் ஒருவன் யூத வெறுப்போடு நடந்துகொண்டான் என்று கல்லூரி விசாரணையில் முடிவானால், அரசு அவனுக்குத் தரும் படிப்பு உதவித்தொகை அன்றோடு நின்றுவிடும். புகார் கொடுத்தவர் சம்மதித்தால் அதே செயலைப் பொருள் சேதம் என்றும் பதியலாம். அப்படிப் பதிந்தால் ஒரு கண்டிப்பு, கொஞ்சம் அபராதம், அவ்வளவுதான். உதவித்தொகை நின்றால் வெஸ் அடுத்த பருவத்துக்கே வர முடியாது. நானும் அதே உதவித்தொகையில் படிக்கிறவள்தான், அது நின்றால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பிரெஸ்டனுக்கோ உதவித்தொகையே கிடையாது. இல்லாததை யார் நிறுத்த முடியும்?

சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு பெண் தன் தோழியிடம் சொன்னாள், எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள்: "கடைசியில எங்க கை வெச்சா பாத்தியா? பணத்துலதான்." நான் திரும்பி, "உப்பு எங்க இருக்குன்னு சொல்றியா?" என்று கேட்டேன். அவள் காதுவரை சிவந்துபோய்க் காட்டினாள். ஆனால் அன்று சாப்பாடு இறங்கவில்லை. எங்களைப் பற்றி நூறு வருஷமாக வரைந்துகொண்டிருக்கிற கேலிச்சித்திரத்தில், அடுத்தவன் பணப்பையை இழுக்கிற ஒரு கை உண்டு. எங்களைக் காப்பாற்ற வந்த சட்டம் அந்தக் கைக்கு என் முகத்தை ஒட்டிவிட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? அப்பாவிடம்தான் சொன்னேன்.

அப்பா மெத்தைக் கடை வைத்திருக்கிறார். அந்தச் சட்டம் வேண்டுமென்று எங்கள் ஜெபக்கூடத்துக்காரர்களிடம் வீடுவீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவர்.

"என்னம்மா குழப்பம் இதுல? அடுப்புன்னு எழுதினவனுக்கு அரசாங்கக் காசு எதுக்கு?"

"எழுதினவனுக்கு நிக்குது சரிப்பா. பெயின்ட் வாங்கிக் குடுத்தவனுக்கு?"

"அவனுக்கும்தான்."

"அவன் வாங்கறதே இல்லையே."

போனைத் தள்ளிப் பிடித்து, கடையில் யாருக்கோ ஒரு மெத்தையின் விலையைச் சொல்லிவிட்டு வந்தார். "உனக்கு அந்தப் பையன் மேல இரக்கம்" என்றார் அப்பா, குற்றம் சாட்டுகிற குரலில்.

"ஒரு சொட்டு இல்ல. அவனப் பாத்தா பத்திக்கிட்டு வருது. நான் கேக்கறது நியாயம். உன் கடையில ஒரே மெத்தைக்கு ஆளப் பாத்து வேற வேற விலை சொல்லுவியா?"

"மடக்காத, தமார்."

"யார் பொண்ணு நான்?"

அவர் சிரித்துவிட்டார். சிரித்தாரே தவிர ஒப்புக்கொள்ளவில்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

விசாரணைக்கு முந்தின நாள் லோரீன் வந்தார். வண்டியின் பின்னால் புதிய சோளத்தட்டை. கேட்காமலே கொண்டுவந்திருந்தார். சந்தையில் பார்க்கும்போது வாய் ஓயாமல் பேசுகிற பெண்மணி, அன்று வந்ததும் நேராகக் கட்டுகளை இறக்கி வைத்தார். பையன் ஏதோ கிறுக்கிவிட்டான் என்றுதான் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். பந்தலைச் சுற்றி வந்து தெற்குச் சுவரின் முன் நின்றார். நான் எதையும் மறைக்கவில்லை. அவர் உதடு அசைய அதைப் படித்தார்.

"இது அவன் எழுத்துதான்" என்றார். "கடைப் பலகையெல்லாம் அவன்தான் எழுதுவான். பூசணின்னு இப்படியேதான் வயிறு பெருத்த மாதிரி எழுதுவான்."

எனக்கும் ஞாபகம் இருந்தது. அதே சிவப்பு, அதே வயிறு பெருத்த எழுத்து. அந்தப் பலகையைப் பார்த்துத்தான் அவர் கடைக்கே போயிருந்தேன்.

"நான் உங்கிட்ட கேக்கத்தான் வந்தேன்" என்றார். "பொருள் சேதம்னு போட்டுக்கலாமாமே. இதப் பாத்தப்புறம் கேக்க எனக்கு வாய் வரல. ஆனா கேக்காமப் போனா அவனுக்கு நான் அம்மா இல்ல. அதனால கேக்கறேன்."

"உடஞ்சது பலகையா? பலகை நல்லாத்தான இருக்கு" என்றேன். "இதுக்கு ஒரு பேர் இருக்கு. அதச் சொல்லாம விட மாட்டேன். உங்க மேல எனக்குக் கோபம் இல்ல."

அவர் தலையாட்டினார். பிறகு, போவதற்கு முன் ஏணியில் ஏறி, பழைய தட்டைகள் காய்ந்து உதிர்ந்துபோன இடங்களில் புதியவற்றைப் பரப்பினார். நான் சொல்லாமலே இடைவெளி விட்டுப் பரப்பினார். அவர் போனபிறகுதான், அந்தத் தட்டைக்குப் பணம் கொடுக்க மறந்தது ஞாபகம் வந்தது.

விசாரணை அறையில் ஒரு நீள மேசை, அதன் மேல் தண்ணீர் பாட்டில்கள், யாரும் தொடாத பிஸ்கட். நடுவில் திருமதி அலார்டு, இரு பக்கமும் இரண்டு பேராசிரியர்கள். பிரெஸ்டன் கோட்டு சூட்டில் வந்திருந்தான். வக்கீல் எழுதிக்கொடுத்த மன்னிப்பை நன்றாகவே வாசித்தான். 'யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்' என்று அதில் இருந்தது. வெஸ் கையில் ஒன்றும் இல்லை. "நான்தான் எழுதினேன்" என்றான். எதற்கு என்று கேட்டார்கள். "அவன் சொன்னான், சிரிப்பா இருக்கும்னு. எனக்கும் சிரிப்பாத்தான் இருந்துது" என்றான். அந்தப் பதிலை நான் வெறுத்தேன், ஆனால் அன்று அந்த அறையில் சொல்லப்பட்டதிலேயே கலப்படம் இல்லாத வாக்கியம் அதுதான்.

திருமதி அலார்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார். "தமார், நீ சம்மதிச்சா இதப் பொருள் சேதம்னு பதியலாம். உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் மேடம். சம்மதிக்கல. இது யூத வெறுப்பு. அந்த வார்த்தையையே எழுதுங்க, ரெண்டு பேர் பேருக்கு நேராவும் எழுதுங்க." எனக்குக் குரல் நடுங்கவில்லை. அதில் எனக்கே சந்தோஷம். "ஆனா இன்னொன்னும் எழுதிக்கங்க. இப்படியே விட்டா வெஸ் வீட்டுக்குப் போவான், பிரெஸ்டன் வகுப்புக்குப் போவான். அதுக்கு நான் சாட்சி சொல்ல வரல. வெளிய அனுப்பறதுன்னா ரெண்டு பேரையும் ஒரு வருஷம் வெளிய அனுப்புங்க. இல்ல, ரெண்டு பேரையும் இங்கயே வெச்சு, என்ன செய்யச் சொல்றீங்களோ அத ரெண்டு பேரையும் செய்ய வைங்க. என் பேரச் சொல்லி காசு இல்லாதவன மட்டும் தள்ளாதீங்க."

பிரெஸ்டன் அப்போதுதான் முதல் தடவையாக என்னைப் பார்த்தான். கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டான்.

"உதவித்தொகை எங்க கையில இல்லம்மா" என்றார் ஒரு பேராசிரியர். "நாங்க அந்த வார்த்தைய எழுதினா மாநிலம் தானா நிறுத்திடும்."

"வெஸ் வெளிய போறது மாநிலத்தோட கையில. பிரெஸ்டன் உள்ள இருக்கறது உங்க கையிலதான சார்?"

அவர் பிஸ்கட் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். முடிவு வெள்ளிக்கிழமை தெரியும் என்று சொல்லி எங்களை அனுப்பினார்கள். வராந்தாவில் வெஸ் என்னைத் தாண்டிப் போகும்போது நின்றான், பிறகு போய்விட்டான்.

மறுநாள் பண்டிகையின் கடைசி நாள். மற்றவர்கள் வகுப்பில் இருந்தார்கள். மதியம் தனியாகப் பந்தலில் உட்கார்ந்து சூப்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. வெஸ். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"நான் மன்னிப்புக் கேக்க..." என்று ஆரம்பித்தவன், "எப்படிக் கேக்கறதுன்னு தெரியல" என்றான்.

"தெரிஞ்சப்புறம் வா" என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. உள்ளே கூப்பிட மனம் இல்லை, நிச்சயமாக இல்லை. ஆனால் வாசலில் ஒருவன் நிற்கிறான், என் கையில் கரண்டி இருக்கிறது. யார் யாரைக் கூப்பிடலாம் என்று வழக்கம் பட்டியல் எதுவும் தரவில்லை.

"உள்ள வா" என்றேன்.

அவன் குனிந்து நுழைந்து, கிட்ட இருந்த நாற்காலியை இழுத்தான். அது தெற்குச் சுவருக்கு முதுகு காட்டி இருந்தது.

"அதுல இல்ல. எதிர்ல உக்காரு."

அவன் புரிந்துகொண்டான். எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தான். இப்போது அவனுக்கு நேர் எதிரே அவனுடைய எழுத்து, அதன் கீழே நான். கிண்ணத்தில் சூப்பை ஊற்றி அவன் பக்கம் தள்ளினேன். தன் அம்மா வேய்ந்த கூரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு அவன் கரண்டியை எடுத்தான்.

இரண்டு வாய் குடித்திருப்பான், மழை பிடித்துக்கொண்டது. தட்டைகளின் இடைவெளி வழியாக முதல் துளிகள் மேசையில் விழுந்தன, பிறகு அவன் கிண்ணத்தில். அவன் கண் மூலையில் மடித்து வைத்திருந்த நீலத் தார்ப்பாய்க்குப் போனது.

"அத எடுத்து மேல போடட்டுமா?"

"வேணாம். அப்படியே சாப்பிடு."

மழை வந்தால் எழுந்து வீட்டுக்குள் போய்விடலாம் என்று எங்கள் வழக்கத்தில் அனுமதி உண்டு. அதை நான் அவனிடம் சொல்லவில்லை. மழை அவன் முடியிலும் என் தோளிலும் சுவரிலும் ஒன்றுபோல் இறங்கியது. பெயின்ட் நல்ல பெயின்ட், கரையவில்லை. கிண்ணத்தில் ஏறிக்கொண்டே இருந்த சூப்பை, கண்ணைச் சுவரிலிருந்து எடுக்காமல் அவன் குடித்துக்கொண்டிருந்தான்.