உறையில் இல்லாத பெயர்

டெனிஸ் கோவாக் தொலைபேசியில் கூப்பிட்டபோது நான் சங்க அலுவலகத்தில், மேல் பித்தான்கள் இரண்டைக் கழற்றிவிட்டு, மேசை விசிறிக்கு முகத்தைக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன். செப்டம்பர் மாதத்தில் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் வேறு எப்படியும் உட்கார முடியாது.

"ஆரின், வந்துட்டாங்க."

"யாரு?"

"மாமியாரா வரப் போறாங்க? கவர்மென்ட்தான். ரெண்டு பேரு. ஷூவைக் கழட்டணுமான்னு கேட்டாங்கய்யா, அவ்வளவு மரியாதை."

"நம்ம சங்கத்துல மெம்பர்னு சொன்னியா?"

"முதல் வேலையா அதான் சொன்னேன். 'நீதிபதிகிட்ட கேட்டுட்டோம் மேடம், லிஸ்ட்ல உங்க பேரு இல்லையாம்'னாங்க."

விசிறியை அணைத்தேன். சத்தம் போனதே தவிர, கேட்டது மாறவில்லை.

எங்களுடையது வயது வந்தவர்களுக்கான இணையதளங்களை நடத்துகிறவர்களின் சங்கம். உறுப்பினர் பிரிவு முழுவதும் நான் ஒருவன்தான். அதற்கு முன் காது கேட்கும் கருவி விற்றுக்கொண்டிருந்தேன். அங்கேயும் ஆட்கள் சொந்தப் பெயரைச் சொல்லத் தயங்குவார்கள். அந்த அனுபவத்தை மெச்சித்தான் பிலிஸ் என்னை வேலைக்கு எடுத்தாள். பிலிஸ் எங்கள் தலைவி.

அந்த ஆண்டு, 2005இல், அரசு புதிய விதிகளைக் கொண்டுவந்தது. படத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் வயதுச் சான்றின் நகல் வேண்டும். எந்தப் படத்தில் யார் என்று குறுக்கு அட்டவணை வேண்டும். அதையெல்லாம் வைத்திருப்பவரின் உண்மையான பெயரும் முகவரியும் தளத்திலேயே இருக்க வேண்டும். டெனிஸின் தளத்தில் அவளும் அவள் கணவர் வால்ட்டும் நண்பர்களான இரண்டு தம்பதிகளும்தான். எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். வழுக்கைத் தலையும் மூக்குக் கண்ணாடியுமான வால்ட் பதினெட்டைக் கடந்தவர்தான் என்பதற்கு ஓட்டுநர் உரிமத்தைக் காட்டச் சொன்னது சட்டம்.

சங்கம் வழக்குப் போட்டது. வழக்கு முடியும்வரை எங்கள் உறுப்பினர்களைச் சோதனை போடுவதில்லை என்று அரசு ஒப்புக்கொண்டது. அப்படியானால் யார் யார் உறுப்பினர் என்று கேட்டார்கள். அந்தப் பட்டியலைத்தானே நாங்கள் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றி வந்தோம்? கடைசியில், நீதிமன்றம் நியமித்த ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரிடம் அதை முத்திரையிட்டுக் கொடுப்பது என்று ஏற்பாடாயிற்று. அரசு ஒரு பெயரைக் கேட்கும். அவர் உண்டு அல்லது இல்லை என்பார். ஜூன் மாதம் நான்தான் பட்டியலை அச்சடித்து, உறையில் போட்டு, ஒட்டிய இடத்தில் இரண்டு முறை தேய்த்துவிட்டேன். பொறுப்புள்ள மனிதன் என்று என்னை நானே மெச்சிக்கொண்ட நாள்கள் என் வாழ்க்கையில் குறைவு. அது ஒன்று.

அந்தப் பட்டியலில் டெனிஸ் இருக்கிறாள், ரோஸ்மேரி லேன் என்ற பெயரில். நான்கு ஆண்டுகளுக்கு முன் சேரும்போது, "சொந்தப் பேரை எழுதணுமா?" என்று கேட்டாள். "உங்க வீட்டுப் பூனை பேரை எழுதினாலும் சரி. உள்ள போன பேரு வெளிய வராது" என்றேன். எல்லோரிடமும் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். பலர் சொன்னபடியே எழுதினார்கள்.

ஆகவே, உலகத்தில் எவன் வேண்டுமானாலும் டெனிஸ் கோவாக்கின் பெயரையும் ரெசீடாவில் அவள் வீட்டுக் கதவு எண்ணையும் அவள் தளத்தில் படிக்கலாம். அவள் ஒளிந்திருந்த ஒரே இடம் அந்த உறைதான்.

அவளுடைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்துக்கொண்டு பிலிஸிடம் போனேன். புனைபெயருக்குக் கீழே அவள் கையெழுத்தில் தொலைபேசி எண் இருந்தது.

"இவ அவதான்னு நீதிபதிக்கு ஒரு கடுதாசி எழுதினா போதும்," என்றேன்.

பிலிஸ் கண்ணாடியைக் கழற்றினாள். "லிஸ்ட்ல பொய்ப் பேரு இருக்குன்னு நாமளே எழுதிக் கொடுக்கணுங்கிற? அப்புறம் எத்தனை பொய்ப் பேருன்னு கேப்பான். உறையைப் பிரிங்கம்பான். உள்ள ரெண்டாயிரம் பேரு இருக்காங்க, ஆரின்."

"அவ ஜெயிலுக்குப் போயிட்டா வால்ட்டை யாரு பாத்துப்பா?"

"தெரியும்டா." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "பூனை பேருன்னு எத்தனை பேர்கிட்ட சொன்ன?" என்றாள்.

"போனை எடுத்தவங்ககிட்ட எல்லாம்."

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மேசைமேல் இருந்த விண்ணப்பத்தை என் பக்கம் தள்ளிவிட்டு ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

ரெசீடாவுக்குப் பதினைந்து நிமிடம். நாற்பது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன். நெரிசல் இல்லை, நான்தான் மெதுவாக ஓட்டினேன். டெனிஸ் குளிர்ந்த தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். கூடத்து அலமாரியில் இரண்டு தட்டுகள் காலியாக இருந்தன. ஆவணப் பெட்டிகளை எடுத்துப் போய்விட்டார்கள். மீதிக்கு வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். சான்று நகல்கள் ஒன்று விடாமல் இருந்தனவாம். குறுக்கு அட்டவணைதான் பிப்ரவரியோடு நின்றிருந்தது. வால்ட்டுக்குப் பக்கவாதம் வந்தது பிப்ரவரியில். அதற்குச் சட்டம் ஐந்து ஆண்டுவரை உள்ளே போடலாம் என்கிறது. அட்டவணைக்குத்தான்.

பிலிஸ் சொன்னதைச் சொன்னேன். என் குற்ற உணர்வை அவள் தலையில் கட்டாமல் சொல்ல முயன்றேன்; பாதிதான் முடிந்தது.

"என்னை மாதிரி எத்தனை பேரு?"

"எனக்குத் தெரிஞ்சு நாப்பத்தொண்ணு."

"அதுல எவனாவது நிஜமாவே பூனை பேரை எழுதினானா?"

"மூணு பேரு."

சிரித்தாள். நானும் சிரித்தேன், நிறுத்தத் தெரியாமல்.

விண்ணப்பத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். "இது உன் கையெழுத்து. நீயா நீதிபதிகிட்ட கொண்டுபோய்க் காட்டினா உன்னைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்ல. நான் வந்து சாட்சி சொல்றேன்."

"உன் வேலை போயிடும்."

"காது மெஷின் விக்கிறவங்களுக்கு எப்பவும் ஆள் வேணும்."

அவள் அதைத் தொடவில்லை. படித்தாள். பெயரை இரண்டு முறை படித்தாள் என்று நினைக்கிறேன், கண் மேலே போய் வந்தது. "காட்டினா, அந்த நாப்பது வீட்டு வாசல்லயும் ரெண்டு பேரு நின்னு ஷூ கழட்டணுமான்னு கேப்பாங்க. இல்ல?"

ஆமாம் என்று தலையாட்டினேன். ஒரு பொய்யால் இவ்வளவும் ஆன பிறகு, இன்னொன்று சொல்லியிருக்கலாம் என்று காருக்குப் போகும்போது தோன்றியது. தேவைப்படும் நேரத்தில் எனக்குப் பொய் வருவதில்லை.

"வியாழக்கிழமை வரைக்கும் யோசிக்கிறேன்," என்றாள். பிறகு குரலை மாற்றி உள்ளே பார்த்து, "என்ன சார், எது வரைக்கும் ஆச்சு?" என்றாள்.

கதவோரம் வால்ட் நின்றுகொண்டிருந்தார். வலது கை தொங்கியது. இடது கையால் சட்டையின் மூன்றாவது பித்தானைத் துளைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். அது பாதி நுழைந்து வழுக்கியது. மறுபடி நுழைந்தது, வழுக்கியது. "ரெ... ரெண்டு," என்றார், முடித்ததைக் கணக்குச் சொல்வதுபோல். டெனிஸ் அவர் எதிரே போய் நின்றாள். ஒரு கை நீட்டினால் போதும், முடிந்துவிடும். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். விரல்கள் வெளுக்கும்வரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அவசரமே இல்ல, கண்ணு. நீயே போடு," என்றாள்.