காற்றின் கண்

அந்த அச்சகத்தில் மை கிடையாது. பார்வை இல்லாதவர்கள் விரலால் தடவிப் படிக்கிற பிரெயில் புத்தகங்கள் அங்கே உருவாகின்றன. கெட்டித் தாளில் எழுத்தெல்லாம் புள்ளி புள்ளியாக எழுந்து நிற்கும். பிழை பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி மூலத்தைச் சத்தமாக வாசிப்பாள். இன்னொருத்தி அதே வரியை விரலால் தொடர்ந்து வருவாள். வரி சரியாக இருந்தால் ஒரு "ம்". பிழை என்றால் மேஜையில் விரல்முட்டியால் ஒரு தட்டு.

வாசிப்பவளுக்கு அச்சகத்தில் வைத்த பேர் ரேடியோ. தொடர்பவள் பேர் ஊசி. பிறவியிலேயே பார்வை இல்லாதவள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட ஓரகத்திகள் இருவரும். ஓரகத்திகள் ஒரே மேஜையில் பன்னிரண்டு வருஷம் சண்டையில்லாமல் இருந்தார்கள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சண்டை தினமும் நடக்கும். பிழை மட்டும் தப்பாது.

தப்பத் தொடங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. புது இயந்திரம் ஒன்று வந்தது. அதற்கு இவர்கள் மேஜை கிடந்த ஜன்னலோரம் வேண்டியிருந்தது. மேனேஜர் தயங்கி நின்றபோது, டீ குடித்துக்கொண்டிருந்த ரேடியோதான் வாயைத் திறந்தாள். "அவளுக்கு ஜன்னல் எதுக்கு சார்? வெளிய பாத்து என்ன பண்ணப் போறா?" மறுநாளே அவர்களுடைய மேஜை தாள் அடுக்கி வைக்கும் உள்ளறைக்குப் போயிற்று. நான்கு சுவர், ஒரு கதவு, ரேடியோவுக்கு மட்டும் ஒரு விளக்கு.

அதற்கப்புறம் ஊசியின் "ம்" தடுமாறி வந்தது. ஒரு பாடப்புத்தகம் ஒன்பது பிழையோடு வெளியே போய், கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தது. மேனேஜர் நல்ல மனிதர், அதனால் சுற்றி வளைத்துச் சொன்னார். வயது ஏற ஏற விரல்நுனி மரத்துப்போவது உண்டாம். இப்போது பார்க்கிற அகராதியிலும் பிழை தப்பினால் ஊசி பைண்டிங் பிரிவுக்குப் போய்த் தாள் தைக்கலாமாம்.  வீட்டில் பாத்திரம் துலக்கும்போது ஊசி குழாயை நிறுத்திவிட்டு விரல்களை ஒன்றோடொன்று உரசிப் பார்த்துக்கொண்டு நின்றாள். "வாசிக்காம நான் என்னக்கா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து ரேடியோவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆங்கிலச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்கிற அகராதி அது. அன்று கடைசி எழுத்துகளுக்கு வந்திருந்தார்கள். ரேடியோ நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். விண்டோ என்றால் ஜன்னல். வடகடலில் கப்பலோட்டியவர்களின் பழைய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். காற்று என்ற சொல்லும் கண் என்ற சொல்லும் சேர்ந்து உண்டானது. காற்றின் கண். அந்தக் காலத்தில் அது கண்ணாடி இல்லாத வெறும் திறப்பு.

"ம்" வரவில்லை. தட்டும் வரவில்லை.

விரல் போயே போய்விட்டது என்று நினைத்தாள் ரேடியோ. நிமிர்ந்து பார்த்தாள். ஊசியின் விரல் அந்த வரியின் மேலேயே நின்றிருந்தது. யாரோ பக்கத்தில் வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டது போல முகம் பக்கவாட்டில் திரும்பியிருந்தது.

"இன்னொரு தடவை வாசிங்கக்கா."

வாசித்தாள். இந்தத் தடவை அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. எத்தனையோ நூறு வருஷத்துக்கு முந்தி, பனி கொட்டுகிற ஏதோ ஒரு கரையில், புகை சூழ்ந்த வீட்டுக்குள்ளிருந்து யாரோ அந்தத் திறப்பை அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள். வெளியே என்ன தெரிகிறது என்று யோசிக்காமல், உள்ளே என்ன வருகிறது என்று யோசித்துப் பேர் வைத்திருக்கிறார்கள்.

"நம்ம பழைய தமிழ்ல இதுக்குக் காலதர்னு பேரு," என்றாள் ஊசி மெதுவாக. "கால்னா காத்து. அதர்னா வழி. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினது. அவங்களுக்கும் நமக்கும் நடுவுல எத்தனை கடல் இருக்கு. ஒருத்தரை ஒருத்தர் கண்டதுகூடக் கிடையாது. ரெண்டு பேருமே காத்தைத்தானே சொல்லியிருக்காங்க? கண்ணுன்னு சொன்னாங்களே, அதுவும் காத்தோட கண்ணு, நம்மளோடது இல்ல."

ரேடியோவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "மேஜையை எடுக்கச் சொன்னது நான்தான்டி."

"தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம்தானே நின்னேன். உங்களுக்கு ரேடியோன்னு சும்மாவா பேர் வச்சாங்க?"

"ஏன்டி ஒரு வார்த்தை கேக்கல?"

"நீங்க சொன்னது சரின்னுதான் நானும் நெனச்சேன்."

அப்புறம்தான் ஒவ்வொன்றாகச் சொன்னாள். இந்த அறையில் விரல் வேர்க்கிறது. தாள் நமுத்துப்போகிறது. புள்ளியெல்லாம் அமுங்கினாற்போல் இருக்கிறது. காற்றில்லாததால் இப்படி என்று தோன்றவே இல்லை, விரல்தான் செத்துவிட்டது என்று பயந்து பவுடர் பூசிப் பூசி ஒப்பேற்றியிருக்கிறாள்.

ரேடியோ எழுந்து மேஜையின் ஒரு முனையைப் பிடித்தாள். "அந்தப் பக்கம் தூக்கு."

புது இயந்திரத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஓர் ஆள் நுழையுமளவு சந்து இருந்தது. அதில் மேஜையை நீளவாக்கில் செருகினார்கள். சத்தம் கேட்டு மேனேஜர் ஓடி வந்தார். ரேடியோ ஒளிக்காமல் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, "தப்பு என் வாயில சார், அவ விரல்ல இல்ல," என்று முடித்தாள்.

அவர் போய், திரும்பி வந்த பாடப்புத்தகத்திலிருந்து ஒரு தாளையும் அதன் மூலத்தையும் கொண்டுவந்தார். ஊசி முன்பு சரி என்று விட்ட தாள். பள்ளிக்கூடத்தார் அதில் மூன்று பிழை கண்டு எழுதியிருந்தார்கள். ரேடியோ வாசித்தாள். இரண்டாம் வரியில் ஒரு தட்டு. ஐந்தாம் வரியில் ஒன்று. பக்கத்தின் நடுவில் ஒன்று. மூன்றும் ஆயிற்று என்று மேனேஜர் மூச்சு விட்டபோது, கடைசி வரியில் நான்காவதாக ஒரு தட்டு விழுந்தது. அவர் குனிந்து, கண்ணாலும் கட்டைவிரலாலும் துழாவிப் பார்த்தார். ஒரு புள்ளி இல்லைதான். அந்தப் பள்ளிக்கூடத்திலேயே ஒருவரும் காணாத பிழை.

"இயந்திரத்தை உள்ள போடச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊசி தாளின் மேல் உள்ளங்கையைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்க் கட்டடத்தில் புதுச் சிமெண்ட் பூச்சுக்குத் தண்ணீர் விடுகிறார்கள், தெருமுனையில் மரம் அறுக்கிறார்கள், எங்கேயோ மழை கிளம்பிவிட்டது, ஆனால் வந்து சேர இன்னும் நேரமாகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பன்னிரண்டு வருஷம் அதே ஜன்னலோரம் உட்கார்ந்த ரேடியோ கண்ணை மூடினாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஈரச் சிமெண்ட் வாசனை வந்தது. அதன் பின்னால் மரத்தூள்.

"வாசிங்கக்கா. தூங்கிட்டீங்களா?"

"இருடி," என்றாள் ரேடியோ, கண்ணைத் திறக்காமல். "மழை இன்னும் எனக்கு வரல."