ஊர்த் தண்ணீரில் கழுவிய கல்

டாக்டர் வெண்டல் ப்ராசருக்குத் தலைக்கவசம் நன்றாகப் பொருந்தும். அதைப் போட்டுக்கொண்டு புகைப்படத்துக்கு நிற்பதில் அவரை அடித்துக்கொள்ள வட ஒன்டாரியோவில் ஆள் கிடையாது. மக்ரே ஏரி சுரங்க ஆராய்ச்சி நிலையத்துக்கு இயக்குநராக வந்த நாளிலிருந்து அவர் செய்த ஆராய்ச்சி பெரும்பாலும் அதுதான் என்று ஐலா கோஸ்கெலா நினைத்தாள். நினைப்பதை அவள் முகம் மறைக்காது. அதனால் அவருக்கு அவளைப் பிடிக்காது.

நிலையத்தின் வேலை கல்லைக் கழுவுவது. நிக்கல் தாதுவுக்காகத் தோண்டும்போது வெளியே வந்து குவிகிற கழிவுப் பாறையில் கந்தகம் இருக்கும். மழையும் காற்றும் பட்டால் சில பாறை புளித்துப்போகும், அதிலிருந்து வடிவது அமிலம். சில பாறை சாதுவாகக் கிடக்கும். எது எந்த ரகம் என்று பார்த்தால் தெரியாது. ஆகவே கல்லை நொறுக்கிக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து, வாரம் ஒருமுறை மேலே உப்பு எதுவும் கலக்காத, காய்ச்சி வடித்த வடிநீர் ஊற்றி, கீழே சொட்டுவதைச் சோதிப்பார்கள். வருஷக்கணக்கில் சோதிப்பார்கள். ஐலா இந்த வேலையில்தான் டாக்டர் பட்டம் வாங்கினாள், இந்த வேலையில்தான் தலை நரைத்தாள்.

இப்போது குழாய்களில் இருந்தது புதுச் சுரங்கத்துக் கல். ஏரியின் நடுவில் இருக்கிற தீவில் தாது கிடைத்திருந்தது. அங்கே லாரி போக, ஏரியின் விரிகுடாவைக் குறுக்கே மறித்துக் கழிவுக் கல்லையே கொட்டிப் பாதை போடக் கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. கல் சாது என்று நிலையம் அறிக்கை கொடுத்தாயிற்று. முதல் பெயர் ஐலாவுடையது. பிப்ரவரியில் ஊர்க் கூட்டம், அதில் அரசாங்க அதிகாரி தலையாட்டினால் மறுவாரமே கல் தண்ணீருக்குள் போகும். போட்ட கல்லை ஏரிக்குள்ளிருந்து பொறுக்கியெடுக்க எவனாலும் முடியாது.

ஐலா இரண்டு வருஷம் மேற்கே வேறொரு சுரங்கத்தில் வேலையாக இருந்தாள். மாதாமாதம் எண்கள் வரும், பார்ப்பாள், அழகாக இருக்கும், சரி என்பாள். கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு திரும்பி வந்து ஆய்வுக்கூடத்துக் கதவைத் திறந்தபோது, ரெஜான் கோத்தியே பச்சை ரப்பர்க் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு, சுவரிலிருந்த ஊர்த் தண்ணீர்க் குழாயிலிருந்து நேராகக் கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். ரெஜான் அவளோடு பள்ளியில் படித்தவன், அவளோடு ஹாக்கி ஆடிப் பல்லை உடைத்துக்கொண்டவன்.

"அது எதுக்கு?" என்று கேட்டாள்.

"உன் கல்லுங்களுக்குத்தான் டாக்டரம்மா. குளிப்பாட்டுற நாள் இன்னிக்கு."

வடிநீர் இயந்திரம் எங்கே என்று கேட்டாள். அது நீ மேற்கே கிளம்பிப் போன மாசமே படுத்துவிட்டது, ப்ராசரிடம் சொன்னேன், தண்ணீர் தண்ணீர்தானே என்றார் என்றான். அவனுக்கும் அது அப்போது தப்பாகப் படவில்லை. எல்லோரும் குடிக்கிற தண்ணீர், இந்த மாகாணத்திலேயே சுத்தமான தண்ணீர் என்று நகராட்சி பலகை வைத்திருக்கிற தண்ணீர்.

ஐலா ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஊரில் சின்னக் குழந்தைக்குத் தெரியும், பழைய சுரங்கம் ஏரியைப் புளிக்க வைத்துவிட்டதென்று. அதனால்தான் நீரேற்று நிலையத்தில் பாட்டன் காலத்திலிருந்து சுண்ணாம்பு போட்டு அனுப்புகிறார்கள். ஒவ்வொரு வீட்டு வெந்நீர்க் கெண்டியிலும் அடியில் வெள்ளையாகப் பொரிந்து கிடக்கும். அந்தத் தண்ணீரை இரண்டு வருஷமாக வாராவாரம் கல்லின் மேல் ஊற்றியிருக்கிறார்கள். கல் எவ்வளவு அமிலம் கக்கினாலும் சுண்ணாம்பு அதை உடனுக்குடன் தின்றுவிட்டிருக்கும். நோயாளிக்கு மருந்தைக் கொடுத்துக்கொண்டே நோயில்லை என்று எழுதிக் கொடுத்த மாதிரி.

"வெறுங்குழாய் என்ன சொல்லுச்சு?" என்றாள். கல்லே போடாமல் தண்ணீரை மட்டும் ஊற்றிப் பார்க்கிற குழாய் ஒன்று எப்போதும் வரிசையின் கடைசியில் இருக்கும். தண்ணீரில் கோளாறு இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

ரெஜான் தொண்டையைச் செருமிக்கொண்டான். முன்னொரு நாள் மந்திரி ஒருவர் சுற்றிப் பார்க்க வந்தாராம். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டாராம். ஒன்றுமில்லை என்று இவன் சொல்ல, கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மானம் போயிற்றென்று ப்ராசர் மறுநாளே அதைக் கழற்றச் சொல்லி, அந்த இடத்தில் நிலையத்துக்குக் கிடைத்த கேடயத்தை வைக்கச் சொல்லிவிட்டார். கேடயம் இப்போதும் அங்கே இருந்தது. சுற்றுச்சூழல் ஆய்வில் நேர்த்திக்காகக் கொடுத்தது.

ஐலா அன்றைக்கே வண்டிச் சாமான் கடைக்குப் போய், பாட்டரிக்கு ஊற்றுகிற வடிநீரைக் கேன் கேனாக வாங்கி வந்தாள். நான்கு குழாய்களைப் பிரித்து வைத்து, ஊறியிருந்த சுண்ணாம்பு போகிறவரை நன்றாக அலசி, பிறகு முறைப்படி ஊற்றினாள். இரண்டாம் வாரம் நான்கில் மூன்றின் அடியில் சொட்டியது எலுமிச்சைச் சாற்றுக்கு அண்ணனாக இருந்தது. சோதனைத் தாள் ரத்தமாகச் சிவந்தது.

தாளை எடுத்துக்கொண்டு ப்ராசரின் அறைக்குப் போனாள். அவர் அதைத் தொடாமல் பார்த்தார். பார்த்துவிட்டு, இரண்டு வாரத்துச் சொட்டு பெரிதா, இரண்டு வருஷத்துச் சொட்டு பெரிதா என்று அவளையே கேட்டார். கம்பெனி நம்மை நம்புகிறது, அடுத்த ஐந்து வருஷத்து வேலை இதில்தான் இருக்கிறது, ரெஜான் மாதிரி ஆட்களின் சோறு இருக்கிறது என்று குரலைக் குழைத்தார். தன் சோற்றைப் பற்றி அவர் பேசவில்லை.

"அந்தக் கல்லுல பாதை போட்டா விரிகுடா செத்துடும் வெண்டல்."

"நம்ம ஊர்ச் சூழ்நிலையில கல் சாதுதான்னு சொல்லியிருக்கோம். அது பொய்யில்லையே. ஊர்த் தண்ணியிலதானே சோதிச்சோம்?"

இதைச் சொல்லும்போது அவர் கண்ணில் ஒரு சந்தோஷம் வந்ததை ஐலா பார்த்தாள். தான் சொன்னதில் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையே இருக்கிறது என்று அந்த மனுஷன் நிஜமாகவே நம்பிவிட்டார். மடையனிடம் கோபப்படலாம், திருடனிடம் கோபப்படலாம். இரண்டும் சரிபாதி கலந்த ஆளிடம் என்ன செய்வது என்று அவளுக்குப் புரியவில்லை. அறிக்கையிலிருந்து பெயரை எடுத்துவிடுங்கள் என்றாள். அச்சாகிவிட்டது என்றார்.

கூட்டம், பனித்தரையில் கல் தள்ளி ஆடுகிற கர்லிங் மைதானத்துக் கூடத்தில் நடந்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரிக் குளிர். உள்ளே பெரிய அண்டாவில் பட்டாணி சூப், தட்டுத் தட்டாக வெண்ணெய் டார்ட் பலகாரம். பாதி ஊர் வந்திருந்தது. பெரும்பாலும் சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்தவர்கள், அவர்கள் மனைவிமார். பாதை வந்தால் பேரன்களுக்கு வேலை வரும் என்று வந்தவர்கள்தான் அதிகம். தலைமை தாங்கியது மாகாண அதிகாரி டெலியா கேஜிக். ஏரியின் வடகரைக்காரி. அதிகம் பேசாதவள், எதையும் இரண்டு முறை படிப்பவள்.

ப்ராசர் திரையில் படம் படமாகக் காட்டினார். ஒன்றில் அவர் தலைக்கவசத்தோடு ஒரு கல்லைக் கையில் ஏந்தியிருந்தார், பிறந்த குழந்தையை ஏந்துவது மாதிரி. இந்தக் கல்லை நம்பலாம் என்றார். கம்பெனிக்காரர்கள் கைதட்டினார்கள்.

அறிக்கை எழுதியவர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேஜிக் கேட்டாள். ப்ராசர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, நேரமாகிவிட்டது என்று ஆரம்பித்தார். ஐலா மைக்குக்குக் காத்திருக்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து, இருந்த இடத்திலிருந்தே பேசினாள்.

"இந்தக் கல்லை ரெண்டு வருஷமா நாங்க எதுல கழுவினோம் தெரியுமா? உங்க வீட்டுக் குழாயில வர்ற தண்ணியில."

பின்வரிசையில் ஒரு கிழவன் களுக்கென்று சிரித்தான். பக்கத்திலிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கெண்டியைச் சுரண்டிச் சுரண்டி விரல் தேய்ந்த பெண்கள் அவர்கள், அவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது, மேடைக்கு வந்து நின்றது.

"அப்போ பாதை மேல மழையா பெய்யறதும் சுண்ணாம்புத் தண்ணிதானா, டாக்டர்?" என்று அந்தக் கிழவன் ப்ராசரைக் கேட்டான்.

கேஜிக் சிரிக்கவில்லை. வடிநீரில் கழுவிப் பார்த்தீர்களா என்று ஐலாவிடம் கேட்டாள். பார்த்தேன், நான்கு குழாயில் மூன்று புளித்துவிட்டது என்றாள் ஐலா. கேஜிக் பேனாவை மூடினாள். சோதனையை முதலிலிருந்து மறுபடி செய்கிறவரை ஏரிக்குள் ஒரு கல்லும் விழக்கூடாது என்றாள்.

இதற்குள் ப்ராசருக்குக் காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. மைக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"இதுதான் எங்க நிலையத்தோட பெருமை," என்றார். "எங்க தப்பை நாங்களே கண்டுபிடிப்போம், ஊருக்கு முன்னால நாங்களே சொல்லுவோம். அதுக்காகத்தான் ஐலாவை நான் மேற்கேருந்து வரவழைச்சேன்."

கம்பெனிக்காரர்கள் தட்டவில்லை. ஆனால் முன்வரிசையில் நகராட்சித் தலைவர் தட்டினார், அவரைப் பார்த்து இன்னும் சிலர் தட்டினார்கள். ரெஜான் டார்ட்டை மென்றுகொண்டே ஐலாவிடம் குனிந்து, "உனக்குத்தான் தட்டுறாங்க, எழுந்து வணக்கம் போடு," என்றான். அவள் அவன் கையிலிருந்த மிச்ச டார்ட்டைப் பிடுங்கித் தின்றாள். விரிகுடா பிழைத்தது. பேர் யாருக்குப் போனால் என்ன என்று நினைக்கிற அளவுக்கு அவள் நல்லவள் இல்லை.

வண்டி நிறுத்துமிடத்தில் எஞ்சின் உறையாமலிருக்கச் செருகியிருந்த மின்கம்பியை அவள் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, ப்ராசர் பனியில் வழுக்கி வழுக்கி ஓடி வந்தார். கோபமாக வருகிறார் என்று நினைத்தாள். அவர் முகமெல்லாம் சிரிப்பு. காலையில் வானொலியில் தன்னைப் பேட்டி எடுக்கப்போகிறார்களாம், தப்பை எப்படிக் கண்டுபிடித்தோம் என்று. சுண்ணாம்பு அமிலத்தை என்ன செய்யும், அந்தச் சமாச்சாரத்தை மட்டும் ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி இரண்டு வரியில் சொல்லேன் என்றார்.

ஐலா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"குழாயைத் திறந்தா தண்ணி வரும்னு சொல்லுங்க," என்றாள். "அதுல என்ன இருக்குன்னு பார்க்கறதுக்கு மட்டும் படிச்சிருக்கணும்னு சொல்லுங்க."

"நல்லா இருக்கே இது," என்று ப்ராசர் கையுறையைக் கழற்றிவிட்டுக் கோட்டுப் பைகளில் பேனாவைத் தேடினார்.