பால் போன வழி

நாயைப் பற்றி மட்டும் பேசு. வேறு எதையும் தொடாதே.

நாய்க்குட்டியின் எக்ஸ்ரே படம் திரையில் வந்ததிலிருந்து அவள் தனக்குள் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். சின்னஞ்சிறு நெஞ்சுக்கூடு. தீக்குச்சிகளை அடுக்கி வைத்தது போல விலா எலும்புகள். இடப்பக்க நுரையீரல் இருட்டாக, இருக்க வேண்டியபடி இருந்தது. வலப்பக்கம், இதயத்தை ஒட்டிய நடுப்பகுதியில், வெள்ளை. காற்று இருக்க வேண்டிய இடத்தில் காற்று இல்லை.

இதே வலப்பக்கத்தை அவள் வேறொரு படத்தில் பார்த்திருக்கிறாள். அது பெரிய படம். அப்பா இருந்த மருத்துவமனையின் தாழ்வாரத்தில், மருத்துவர் அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். "நீங்களும் டாக்டர்தானே, உங்களுக்குச் சொன்னாப் புரியும். சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள்ள போயிருக்கு. பக்கவாதம் வந்தவங்களுக்கு விழுங்குறது சரியா வராது. படுக்க வச்சே ஊட்டியிருக்காங்க."

அவள் தலையாட்டினாள். பிறகு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் வந்து, "நெஞ்சுச் சளிம்மா, முத்திப்போச்சாம்" என்றாள். அந்த வாரமே அப்பா போய்விட்டார். ஊட்டியதெல்லாம் அம்மாதான். வேறு யாரையும் கரண்டியைத் தொட விட்டதில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு எதுவும் உறைப்பதில்லை. அழவில்லை. தூங்கினாள், வேலைக்கு வந்தாள், ஊசி போட்டாள், தையல் போட்டாள். யாராவது துக்கம் விசாரித்தால் அவர்கள் திருப்திக்காகக் கொஞ்சம் முகத்தைச் சுருக்கிக்கொள்வாள். உள்ளே போய்த் தேடிப் பார்த்தால், பூட்டிய வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டுவது போலத்தான் இருக்கும்.

"டாக்டர், உங்கம்மா வெளியே நிக்கிறாங்க. உட்காரச் சொன்னா உட்கார மாட்டேங்குறாங்க."

கதவைத் திறக்கும் முன்பே இதைச் சொல்லி முடித்துவிட்டாள் மைக். முன்மேசையில் இருப்பவள். அவள் காதோடு சொல்லும் ரகசியம் தெருக்கோடி வரை போகும் என்பதால் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். "துரைக்கு எப்படி இருக்கு, துரைக்கு எப்படி இருக்குன்னு ஒரே புலம்பல். யாரோ பெரிய அதிகாரி உள்ள இருக்காருன்னு நினைச்சு, பூனை கொண்டாந்தவரு எழுந்து நின்னுட்டாரு."

"உள்ள வரச் சொல்லு."

துரை என்பது குட்டி. தம்பியின் அலுவலகத்துக்குப் பின்னால் லாரியில் அடிபட்டுச் செத்த நாயின் குட்டி. வீடு வெறிச்சென்று கிடக்கிறதே, அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று செருப்புப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தான் தம்பி. அப்போதுதான் கண் திறந்திருந்தது. அவள் அம்மாவுக்குத் தொலைபேசியில் எல்லாம் சொன்னாள். எந்தப் பால்மாவு, எவ்வளவு சூடு, ஈரப்பஞ்சால் அடிவயிற்றைத் துடைத்துவிட்டால்தான் மூத்திரம் போகும். எப்படிப் பிடித்துக் கொடுப்பது என்பதை மட்டும் சொல்லவில்லை. இரண்டு பிள்ளை வளர்த்தவளுக்கு அதை எதற்குச் சொல்ல?

அம்மா உள்ளே வந்ததும் நேராகக் கண்ணாடிப் பெட்டிக்குப் போனாள். ஆக்சிஜன் குழாய் மெல்லச் சீறிக்கொண்டிருந்தது. குட்டி கழுத்தை நீட்டிப் படுத்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு உள்ளே ஒட்டி ஒட்டி வந்தது.

"நேத்துலேர்ந்து பாலைக் கண்டாலே முகத்தைத் திருப்புது. துரைக்கு என் மேல கோபமோன்னு நினைச்சேன்."

"மூக்குல பால் வந்துச்சா?"

"அது ரெண்டு மூணு நாளாவே வருது. தும்முனா பால். பச்சப்புள்ளைக்கு வராதா? உனக்கும்தான் வந்துச்சு."

"இருமல்?"

"குடிச்சு முடிச்சதும் கொஞ்சம்."

குட்டிகளின் நெஞ்சில் இரைச்சல் வர வேறு காரணங்களும் உண்டு. கூட்டமாக அடைத்து வளர்க்கும் இடத்தில் தொற்றும் இருமல். குடலிலிருந்து கிளம்பி நுரையீரல் வழியாகச் சுற்றி வரும் புழு. கண்ணிலும் மூக்கிலும் சீழ் வடியவைத்துக் குட்டிகளை அள்ளிக்கொண்டு போகும் வைரஸ். அவள் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்திருந்தாள். வேறு நாயே இல்லாத வீடு. கண் சுத்தமாக இருந்தது. ஸ்டெதஸ்கோப்பில் இடப்பக்கம் காற்று தடையில்லாமல் போய் வந்தது. வலப்பக்கம் மட்டும், நனைந்த காகிதத்தை யாரோ மெல்லக் கசக்குவது போல. மிச்சமிருந்தது ஒன்றுதான். அதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

"எப்படிக் குடுக்குறேன்னு காட்டு" என்று ஒரு துண்டை உருட்டி அம்மாவிடம் நீட்டினாள்.

அம்மா துண்டை வாங்கி இடது கை மடிப்பில் மல்லாக்கப் படுக்கவைத்தாள். தலைப்பக்கம் லேசாகப் பின்னால் சாய்ந்தது. காலி பாட்டிலை வாயிருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் இரண்டு முறை தொட்டு, "ஆ" என்றாள். தானும் வாயைத் திறந்தாள். பிறகு சுண்டுவிரலால், இல்லாத உதட்டோரத்தை வழித்துவிட்டாள்.

சுண்டுவிரல். கட்டில் ஓரத்தில் நின்று எத்தனை வேளை பார்த்திருப்பாள் இதை. கரண்டி உதட்டை இரண்டு முறை தொடும். ஆ. அப்பாவின் கோணிய வாய் திறக்கும். சுண்டுவிரல் வந்து வழிக்கும்.

இப்போது ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

"இனிமே அப்படி வேண்டாம்மா" என்று துண்டைக் குப்புறத் திருப்பி மேசைமேல் வைத்தாள். "வயிறு கீழ, தலை லேசா மேல. தாய்கிட்ட முட்டிக் குடிக்கிற மாதிரி. அதுவா இழுக்கணும், நாம பீச்சக் கூடாது."

"மல்லாக்கப் படுத்தா என்ன?"

"வழி மாறிப் போயிடும்."

"எங்க போகும்?"

நாயைப் பற்றி மட்டும் பேசு.

"நெஞ்சுக்கு."

அம்மா திரையைப் பார்த்தாள். படம் அங்கேயே இருந்தது. அணைத்திருக்கலாம், தோன்றவில்லை.

"அந்த வெள்ளையா இருக்கறது பாலா?"

"பாலும், அதனால பிடிச்ச சீழும்."

அம்மா துண்டை நான்காக மடித்து மேசை ஓரத்தில் வைத்தாள். மடிப்பு கோணலாக இருந்தது. எடுத்து மறுபடி மடித்தாள்.

குட்டியை மருத்துவமனையிலேயே வைத்துக்கொண்டார்கள். வேளாவேளைக்கு ஊசிமருந்து, நரம்பு வழியாகச் சர்க்கரைத் தண்ணீர். உப்புத் தண்ணீரைப் புகையாக்கும் கருவியைப் பெட்டிக்குள் விட்டு, அது முடிந்ததும் நெஞ்சைத் தட்டிக்கொடுக்க வேண்டும். பெரிய நாய்க்கு உள்ளங்கையைக் கிண்ணம் போலக் குவித்துத் தட்டுவார்கள். இதற்கு இரண்டு விரல் போதும். கீழிருந்து மேலாக, உள்ளே ஒட்டியிருப்பது கிளம்பி வரும்படி. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். மூச்சிரைப்பு இறங்கும் வரை வாய் வழியாக ஒரு சொட்டுகூடக் கிடையாது.

அம்மா காலையில் வந்தால் விளக்கேற்றும் நேரத்துக்குத்தான் போனாள். தட்டும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். ஒருமுறை காட்டியதும் பிடித்துக்கொண்டாள்.

"துரைக்கு முதுகு பிடிச்சுவிடத் தனியா ஆள்" என்றாள் மைக். "எனக்கும் இடுப்பு வலிதான். கேட்பார் இல்ல."

"நீ முதல்ல அந்த வாயை மூடு. வலி தானா இறங்கும்" என்றாள் அம்மா.

மைக் சிரித்தது வாசல் வரை கேட்டது. அம்மா சிரிக்கவில்லை. விரல்கள் தட்டிக்கொண்டே இருந்தன. வெகு நேரம் கழித்து, யாரிடமும் இல்லாமல், "உங்கப்பாவுக்கு யாரும் இப்படித் தட்டலையே" என்றாள்.

அவள் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்தாள்.

மதியம் தம்பி அழைத்தான். "அக்கா, பெட்டியோட சேர்த்து அரைக் கிலோ தேறாது. அதுக்கு எக்ஸ்ரேயா? ஆக்சிஜனா? நான் போன வருஷம் காய்ச்சல்ல கிடந்தப்போ கஞ்சி வச்சுக் குடுத்தீங்களா யாராவது?"

"என்ன விஷயம், சொல்லு."

"பொழைக்குமா? பொழைக்காதுன்னா இப்பவே சொல்லு. அதே நிறத்துல வேற ஒண்ணு பார்த்து மாத்தி வச்சுடலாம். அம்மாவுக்குத் தெரியாது."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அம்மாவுக்கு எல்லாம் தெரியும்டா" என்று வைத்துவிட்டாள். சொன்ன பிறகுதான் அது நாயைப் பற்றியதில்லை என்று புரிந்தது.

அன்றைக்கே சொல்லியிருந்தால்? அந்தப் பெஞ்சில் வைத்தே உண்மையைச் சொல்லியிருந்தால், அம்மா உடைந்திருப்பாள். ஆனால் அந்தக் கை இன்னொரு உயிரை மல்லாக்கப் படுக்கவைத்திருக்காது. நல்லது என்று நினைத்து மூடி வைத்தது, இங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் வயிறு ஒட்ட மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இதை யோசித்தபோதும் அவளுக்குக் கணக்கு சரியாக வந்தது போலத்தான் இருந்தது. வலிக்கவில்லை.

குட்டியின் ஈறு வெளுத்த ஊதாவிலிருந்து மெல்ல இளஞ்சிவப்புக்குத் திரும்பியது. கசங்கும் சத்தம் குறைந்தது. ஒரு நாள் காலையில் அவள் சுண்டுவிரலை வாயில் வைத்துப் பார்த்தபோது நாக்கைச் சுருட்டி இழுத்தது.

"இன்னிக்குப் பால் குடுத்துப் பார்க்கலாம்" என்றாள்.

பெட்டிக்குள் வைக்கும் சுடுநீர்ப்பையை நிரப்பி, மூடியைத் திருகி, கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். மைக் ஓடிவந்து பிடுங்கினாள். "டாக்டர், கொதிக்குது! கையைப் பாருங்க, சிவந்துபோச்சு. சுடலையா?"

"தெரியல."

மைக் அவள் முகத்தைப் பார்த்தாள். அதிசயமாக ஒன்றும் பேசாமல், பையைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வெளியே போனாள்.

அம்மா பாலைக் கலக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். குட்டி மேசையில் விரித்த துண்டின் மேல் தலையை அங்குமிங்கும் ஆட்டித் தேடிக்கொண்டிருந்தது.

"அப்பாவுக்கும் படம் எடுத்தாங்கல்ல?" என்றாள் அம்மா.

"ம்."

"எந்தப் பக்கம்?"

இடது என்று சொல்லலாம். அந்தப் படம் எங்கே இருக்கிறது என்றுகூட யாருக்கும் தெரியாது.

"வலப்பக்கம்."

அம்மா தலையை மட்டும் அசைத்தாள். கேட்டுத் தெரிந்துகொண்டது போல இல்லை, தெரிந்ததைக் கேட்டது போல இருந்தது.

"சளின்னு சொன்ன."

"ஆமாம்மா. சொன்னேன்."

"உட்கார வச்சிருப்பேனே. தலைகாணியை முட்டுக் குடுத்து உட்கார வச்சிருப்பேனே. ஒரு வார்த்தை..."

"அந்த டாக்டர் என்கிட்ட சொல்லும்போதே நேரம் முடிஞ்சிருந்துச்சும்மா. அதுக்கு முன்னாடி யாரும் உனக்குச் சொல்லல. அப்பாவால விழுங்க முடியல. அது அவருக்கு வந்த நோவு, உன் கை இல்ல."

அம்மா இதைக் கேட்டாளா என்று தெரியவில்லை. "நான் ஆன்னா உடனே திறந்துடுவாரு" என்றாள். "பசிக்கலைன்னாலும் திறப்பாரு. நான் சொன்னேன்னு."

குட்டி சிணுங்கியது. மெலிந்த சத்தம்தான், ஆனால் இத்தனை நாளில் முதல் முறையாகச் சத்தம் போட மூச்சு மிச்சமிருந்தது. துண்டின் விளிம்பு வரை தவழ்ந்து அம்மாவின் வயிற்றில் முட்டியது. அம்மா பின்னால் நகர்ந்துகொண்டாள். பாட்டிலை அவள் பக்கம் நீட்டினாள்.

"நீ குடு. நீயே கொண்டுபோய் வளர்த்துக்க. எனக்கு இந்தக் கை வேண்டாம்."

வாங்கிக்கொள்வது எளிது. இத்தனை நாளாக அதைத்தானே செய்தாள், அம்மாவுக்குக் கனமாக இருக்கும் என்று எல்லாவற்றையும் தன் பக்கம் வாங்கி வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்துக்கு முன் சூடு பட்ட உள்ளங்கை இப்போதுதான் லேசாக எரியத் தொடங்கியது. அந்தக் கையை வெள்ளைக் கோட்டின் பைக்குள் விட்டுக்கொண்டாள். மற்றொரு கையால் குட்டியின் வயிற்றுக்கடியில் தாங்கி, நாலு காலும் துண்டில் பதியும்படி குப்புற வைத்து, மெல்ல அம்மாவின் பக்கம் நகர்த்தினாள்.

"மாட்டேம்மா" என்றாள். "நீயே குடு."