முழ நீள லாரி

கோதண்டம் மெல்லிய தூரிகையைத் துணியில் துடைத்துவிட்டு, டிரைவர் பக்கக் கதவில் கடைசிக் கறையை இழுத்தான். வெற்றிலை எச்சில் காற்றில் பின்னோக்கிச் சிதறி உலர்ந்தது போன்ற கறை. லாரி ஒரு முழ நீளம்தான். ஒரு படத்துக்காகச் சென்னை சினிமா ஸ்டுடியோ ஒன்றின் தச்சர்கள் மரத்திலும் தகரத்திலும் செய்து அனுப்பியிருந்தார்கள். புத்தம் புதிதாக வந்ததைப் பல வருடம் ஓடித் தேய்ந்த வண்டியாக்குவது அவன் வேலை. சலித்த சாலைப் புழுதியை வஜ்ரப் பசைத் தண்ணீரில் குழைத்து மட்கார்டுகளில் ஒற்றியிருந்தான். கிளீனர் கால்வைத்து ஏறும் படியில் பெயிண்டைத் தேய்த்துத் தகரத்தைக் காட்டியிருந்தான்.

"இத எஃப்.சி.க்கு எடுத்துகினு போனா பிரேக் இன்ஸ்பெக்டரு தள்ளி வுட்ருவாருடா" என்றார் லாரிப் பட்டறை முதலாளி தேசப்பன்.

கோதண்டம் சிரித்தான். சிரிப்பு இருமலாகியது. லாரிகளுக்கு ஸ்ப்ரே அடித்து அடித்து நெஞ்சு கெட்டிருந்தது. இனி ஸ்ப்ரே பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"தீவாளிக்கு மேல ஒன்ன வெச்சிக்க முடியாதுப்பா. ஸ்டுடியோவுலயே சேர்ந்துடு" என்றார் தேசப்பன். லாரி நன்றாக வந்தால் படங்களுக்கு இப்படிச் சின்ன உருவங்கள் செய்யும் மாடல் செக்ஷனில் வேலை தருவதாக ஸ்டுடியோ மேனேஜர் சேஷகிரி சொல்லியிருந்தார். அங்கே தூரிகை வேலை மட்டும்தான்.

மறுநாள் ஆயுத பூசை. பட்டறையை ஒழித்துக் கழுவ வேண்டும் என்பதால், லாரியை வேட்டியில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனான். "நாளைக்கு ஸ்டுடியோகாரங்க வந்து எடுத்துகினு போவாங்க" என்று மட்டும் மனைவி தமயந்தியிடம் சொன்னான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை.

பட்டறைப் பூசை முடிந்து பொரிப் பொட்டலத்தோடு திரும்பியபோது, மணையில் அவள் நூல் சுற்றும் ராட்டையும் அரிவாள்மணையும் இருந்தன. பக்கத்தில் லாரி. சிவப்பும் மஞ்சளுமாக மின்னியது. பம்பரில் சந்தனம், குங்குமம். பானெட்டில் சாமந்திச் சரம்.

"எம்மா அழுக்கு பாவா! பட்டறையில கெடந்தா இப்டித்தான். வெந்நீ ஊத்தித் தேய்ச்சேன். அந்த வெத்தலக் கறைக்குத்தான் மண்ணெண்ண போட வேண்டியதாப் போச்சு."

அவன் கையிலிருந்த பொரி காலடியில் சிந்திக்கொண்டிருந்தது.

"இன்னா பாவா? பூச நாளும் அதுவுமா அழுக்கு வண்டியவா குடுக்கறது?" அவள் குரல் இறங்கியது. "தப்பு பண்ட்டேனா?"

அவன் லாரியின் கதவைத் தடவிப் பார்த்தான். "அந்த அழுக்குதான் என் வேல, தமயந்தி."

அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தெருவுக்கு ஓடி, முந்தானையில் மண்ணை அள்ளிக்கொண்டு வந்தாள். "சொல்லு, எங்க பூசணும்?"

கிண்ணத்தில் பசை கரைந்துகொண்டிருக்கும்போதே வாசலில் அம்பாசிடர் வந்து நின்றது.

"என்னய்யா இது? பழைய லாரி கேட்டா ஷோரூம் வண்டி நிக்குது?" என்றார் சேஷகிரி.

"நேத்தே முடிச்சிட்டேங்க. வீட்ல தெரியாம கழுவிட்டாங்க. ஒரு ராத்திரி குடுங்க, பண்ணிட்றேன்."

"விடிஞ்சா ஷூட்டிங். மலையிலேருந்து உருள்ற சீன்."

"நான்தாங்க கழுவுனேன். அவரு மேல தப்பே இல்லீங்க" என்றாள் தமயந்தி.

சேஷகிரி அவள் பக்கம் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டிரைவரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். டிரைவர் டிக்கியிலிருந்து தேங்காய் நார்க் கயிறு எடுத்து, லாரியின் மூக்கைக் காரின் பின் பம்பரோடு சேர்த்துக் கட்டினான்.

"சார், இன்னா பண்றீங்க?" என்றான் கோதண்டம்.

"ரோட்டுல இழுத்தா தானா பழசாயிடும். படத்துல கண்ண மூடித் தொறக்கற நேரந்தான் தெரியும். அப்பறம் நொறுங்கிடும்." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். அடுத்து வந்த எண்ணம் அவருக்கே புதிதாகத் தோன்றியது. "இதுக்குப் போயி மாடல் செக்ஷன்ல தனியா ஒரு ஆள் எதுக்கு?"

கார் மெதுவாக நகர்ந்தது. லாரி சக்கரங்களில் உருண்டு, ஒரு கல்லில் மோதிக் கவிழ்ந்தது. பிறகு பக்கவாட்டில் சரளையில் உரசிக்கொண்டே போனது. நெற்றியில் விபூதியோடு வாசல்களில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கோதண்டம் கையில் பசைக் கிண்ணத்தோடு நின்றான்.

ரயில்வே கேட் அருகே கார் நின்றது. டிரைவர் இறங்கி லாரியைத் தூக்கிப் பார்த்தான். தேயாத பக்கம் கீழே வரும்படி புரட்டிப் போட்டுவிட்டு, மறுபடி ஏறிக் காரைத் திருப்பினான்.