இரண்டாம் அறை நலம்

மருத்துவமனையின் தலைமை நிர்வாகிக்குப் பூஜ்யம் என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. ஆனால் அவர் உழைத்துச் சம்பாதித்த பெயர்தான். எந்தக் கூட்டமானாலும் "நம்மகிட்ட தடங்கல் பூஜ்யம்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு திரை. கட்டடத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் அதில் ஒரு விளக்கு. எல்லாம் பச்சை.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் நெட்வொர்க்காரர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கட்டடத்தின் அத்தனை கணினிகளும் கருவிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது இரண்டு பெரிய ஸ்விட்ச் பெட்டிகள் வழியாக. ஒன்று தரைத்தளத்துச் சர்வர் அறையில், மற்றது நான்காம் மாடி அறையில். ஒன்று படுத்தால் இன்னொன்று தாங்க வேண்டும். பன்னிரண்டு வருடம் உழைத்துவிட்ட இரண்டையும் மாற்றப் போகிறார்கள். திட்டம் நாற்பது பக்கம், வழவழப்பான தாளில். சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தரைத்தள ஸ்விட்சை நிறுத்துவது. மேல்மாடி ஸ்விட்ச் பாரத்தைச் சுமப்பது. விருந்தினர்கள் சர்வர் அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று கைதட்டுவது. கைதட்டலுக்கு மட்டும் மூன்று பக்கம் ஒதுக்கியிருந்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், மேல்மாடி ஸ்விட்சுக்குள் சுமப்பதற்கு ஒன்றுமே இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் கீழே ஒரு பவர் யூனிட் எரிந்தது. நெட்வொர்க்காரர் புதிது கேட்டபோது, "மேல இருக்கறது சும்மாதானே இருக்கு? அதுல இருந்து எடுத்து மாட்டுங்க" என்றார் பூஜ்யம். பிறகு ஒரு கார்டு. பிறகு இன்னொன்று. போன மழைக்காலத்தில் மூளை போன்ற பிரதான போர்டே போய்விட, அதையும் மேலிருந்துதான் இவர் கழற்றிக்கொண்டு வந்தார். அலாரம் அலறியது. புதுசு வரும்வரைக்கும்தானே என்று, திரையில் அந்த விளக்கைப் பச்சையிலேயே நிற்க வைத்தார். புதுசு வரவில்லை. 'இரண்டு அறைகளும் நலம்' என்ற படிவம் மட்டும் மாதம் தவறாமல் வந்தது. கையெழுத்து அவருடையது.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில், மேல்மாடியை முதலில் மாற்றலாமே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். காலிப்பெட்டி யார் கண்ணிலும் படாமல் போய்ச் சேர்ந்துவிடும். மேலே கண்ணாடிச் சுவர் இல்லையே, விருந்தாளிகள் எதைப் பார்ப்பார்கள் என்று கேட்டுவிட்டார் பூஜ்யம். சரி, முன்னாடியே ஒரு நிமிடம் சோதித்தாவது பார்க்கலாம் என்றார் இவர்.

"நல்லா இருக்கற மனுஷனோட நெஞ்சைக் கிழிச்சாப்பா பாப்பாங்க?" என்றார் பூஜ்யம்.

அறையே சிரித்தது. பக்கத்து நாற்காலி ஜெனரேட்டர்காரர் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார்.

அன்றிரவு வீட்டில் நெட்வொர்க்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி அதே மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைமை நர்ஸ். அவரது முகத்தைப் பார்த்தே பாதியைக் கறந்துவிட்டாள். மீதியை அவரே சொன்னார்.

"பதினோரு படுக்கையோட அலாரமும் என் மேசைக்குத்தான் வரும். அது வரலைன்னா, யாருக்கு மூச்சு நிக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சொன்னா வேலை போயிடும்."

"போனா வீட்ல இருந்து இந்த ஃபேனை ரிப்பேர் பண்ணுங்க. நாலு வருஷமா சொல்றேன்."

சொல்லிவிட்டுச் சிரிப்பாள் என்று பார்த்தார். சிரிக்கவில்லை.

புதன்கிழமை பூஜ்யத்தைத் தனியே பார்த்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அவர் திடுக்கிடவில்லை. நிதானமாக இழுப்பறையைத் திறந்து படிவக்கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதெல்லாம் யார் கையெழுத்து?"

"என்னோடது சார்."

"அப்போ நலமாத்தான் இருக்கும்."

வியாழக்கிழமை கடைசிக் கூட்டம். நிர்வாகக் குழுவின் தலைவியம்மா வந்திருந்தார். நெட்வொர்க்காரர் பத்து நிமிடம் தாமதமாக, தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் நாலு பேர் மூச்சு வாங்க மாடியேற்றிய பெட்டியை, தனியாளாக நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்திருந்தார். வழவழப்பான நாற்பது பக்கத்தின் மேலேயே அதை இறக்கினார். கார்டு இருக்க வேண்டிய வரிசைகளெல்லாம் பொக்கைவாயாகத் திறந்து கிடந்தன. உள்ளே தூசி.

"அம்மா, சனிக்கிழமை பாரத்தைச் சுமக்கப் போறது இதுதான். உள்ளே இருந்ததைக் கழற்றினதும் நான்தான், நலம்னு கையெழுத்துப் போட்டதும் நான்தான்."

பூஜ்யம் வாயைத் திறந்தார். தடங்கல்.

தலைவியம்மா பெட்டியைப் பார்த்தார். அதன் பின்னால் வால்போலத் தொங்கிய, எதிலும் செருகப்படாத மின்கம்பியைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். 'இரண்டாம் அறை ஸ்விட்ச்: நலம்.' பச்சை விளக்கு கண் சிமிட்டாமல் எரிந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை எதையும் யாரும் தொடக் கூடாது என்றார். உங்களிடம் பிறகு பேசுகிறேன் என்று இவரிடம் சொன்னார். ஆனால் கண் திரையைவிட்டு நகரவில்லை. ஸ்விட்சுக்குக் கீழே ஆக்சிஜன் குழாய், தீயணைப்பு மணி, லிஃப்ட், ஜெனரேட்டர். எல்லாமே அதே பச்சை.

"ஜெனரேட்டரைக் கடைசியா எப்போ ஓட்டிப் பார்த்தீங்க?"

ஜெனரேட்டர்காரர் இந்த முறை சிரிக்கவில்லை. மேசைமேல் இருந்த காலிப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.