நான்காவது அடுப்பு

இரண்டாவது அடுப்பு வாங்கிய அன்று, ரொட்டிக்காரர் வீட்டு வாசல்நிலை பெண்களுக்கு மட்டும் ஒரு சாண் தாழ்ந்தது. ஆண்கள் எப்போதும்போல நிமிர்ந்து போய்வந்தார்கள். அவர் மனைவிக்குத்தான் நெற்றியில் இடித்தது. ஒற்றை அடுப்பு இருந்தவரை தலையில் கூடையோடு தெருத்தெருவாக ரொட்டி விற்றவள் அவள். அப்போது யாரும் அவளை உட்காரச் சொன்னதில்லை. "இனிமே உனக்கு எதுக்கு வெயில்ல அலைச்சல்? ராணி மாதிரி உள்ள இரு" என்றார் கணவர். பாசமாகத்தான் சொன்னார், அதுதான் வயிற்றெரிச்சல். மாடி கட்டியபோது நிலை இடுப்பு உயரத்துக்கு இறங்கியது. தச்சரைக் கூப்பிட்டார்கள். அவர் நிமிர்ந்தபடியே உள்ளே வந்து, அளந்து பார்த்து, நிலை ஏழடி இருக்கிறதே என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போனார்.

மகள் குனிந்து குனிந்தே போய்ப் படித்து முடித்தாள். அந்த வருடம் மூன்றாவது அடுப்பு வந்தது. அதன்பிறகு அவளுக்குத் தலை நுழைந்தது, தோள் நுழையவில்லை. வெளியூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்கு வியாழக்கிழமை சேரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. நான்காவது அடுப்பு புதன்கிழமை வருவதாக இருந்தது.

மாவு பிசைந்து புளிக்க வைப்பது மட்டும் இன்னும் அம்மாவின் கைவேலை. அவள் மூன்று நாள் அதில் உப்பை அள்ளிக் கொட்டினாள். கடைக்காரர்கள் ரொட்டியை முகத்தில் அடிக்காத குறையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். அடுப்பு வரவில்லை. புதன்கிழமை மாலை நிலை நான்கு விரற்கடை உயர்ந்தது. மகள் குப்புறப் படுத்து வெளியே ஊர்ந்தாள்.

"நீயும் வாம்மா."

"என் உடம்பும் உன் உடம்பும் ஒண்ணாடி? போ, திரும்பிப் பாக்காத."

விஷயம் தெரிந்தபோது யாரும் அம்மாவைத் திட்டவில்லை. மாவு பிசைய மெஷின் வாங்கினார்கள். அதற்குப் பிறகு அடுப்பு நான்காகி, ஏழும் ஆனது. நிலைக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழையும் சந்துதான் மிஞ்சியது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வந்து படியில் உட்கார்ந்து அம்மாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டு பேசுவாள். தெருவில் போகிறவர்கள் அவள் காலை மிதிக்காமல் சுற்றிப் போகப் பழகினார்கள்.

ரொட்டிக்காரரின் மகன் கல்யாணத்துக்குக் கூரையில் ஓட்டை போட்டு, மணப்பெண்ணை மாவுமூட்டை இறக்கும் கயிற்றில் கூடை கட்டி இறக்கினார்கள். பெண்ணின் அப்பாவே ஒரு கை பிடித்தார். குடுத்து வச்ச பொண்ணு, இப்படி ஒரு இடம் யாருக்கு அமையும் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். கீழே மாமியார் இரண்டு கைகளையும் நீட்டிக் கூடையை வாங்கிக்கொண்டாள். பிறகு கயிற்றை மேலே இழுத்து, ஓட்டையைச் சிமெண்ட் வைத்துப் பூசினார்கள்.